வரிப்பச்சையில் ஒரு கோடு

என் தங்கை பயந்தால் ஊரிலுள்ள கடிகாரமெல்லாம் நின்றுவிடும். சரி, இது கொஞ்சம் அதிகம்தான். நின்றது ஒரே ஒரு கடிகாரம். அதற்கும் வேறொரு காரணம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அது நின்ற காலையில் எங்கள் இருவருக்கும் மூச்சும் கூடவே நின்றுபோனது. ஆகவே நான் சொன்னதில் பாதியாவது உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. நானும் கூடப் பிறந்தவள்தான். அவள் என்னவோ என்னைவிடப் பயத்தைத்தான் அதிகம் நம்பினாள். சின்ன வயதில் பலூன் ஊதமாட்டாள், பிறர் ஊதினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்த பிறகு, அணைந்த அடுப்பையே கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நிற்பாள். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாத பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இவள் எங்கே போய் என்ன வேலை பார்க்கப்போகிறாள் என்று நாங்கள் கவலைப்பட்டோம். கடைசியில், பயப்படுகிறவர்களுக்கென்றே செய்து வைத்தது போல ஒரு வேலை அவளுக்குக் கிடைத்தது.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஓர் அச்சகத்தின் மாடியில், கைக்கடிகாரப் பட்டறை ஒன்று உண்டு. பழைய காலத்துப் பாணியில் கடிகாரம் செய்கிறார்கள். பிஸ்கட் போல மெல்லியது, நல்ல சட்டை போடும் நாளில் மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்வது. எண் கிடையாது, தேதி கிடையாது, நொடி முள்ளும் கிடையாது. இலை வடிவில் இரண்டே முள்கள். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். இத்தனைக்கும் மேலே, அதன் டயல் கல்லால் ஆனது. பெயிண்ட் அடித்த போலிக் கல் அல்ல, பூமியிலிருந்து வெட்டி எடுத்த கல். அதை நகத்தைவிட மெல்லியதாக அறுத்து, மெருகேற்றி, பித்தளைத் தகட்டில் ஒட்டி, நடுவே துளை போடுவார்கள். கறுப்பு, நீலம், புலிக்கண் என்று எத்தனையோ உண்டு. அவற்றில் மாலகைட் என்னும் பச்சைக் கல்தான் எனக்குப் பிடித்தது. வெளிர்ப்பச்சையும் கரும்பச்சையும் வளைந்து வளைந்து ஓடும். பட்டறையில் அதற்கு வரிப்பச்சை என்று பெயர்.

என் தங்கையின் வேலை அந்தக் கல்மேல் முள் வைப்பது. நடுத்துளை வழியாக எட்டிப் பார்க்கும் அச்சில் முள்ளை வைத்து, மெல்ல அழுத்தி இறக்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் முள் நழுவும். கொஞ்சம் மிஞ்சிக் கருவியின் நுனி கல்லில் பட்டுவிட்டால், அறுத்தவர், மெருகேற்றியவர், துளை போட்டவர் எல்லாருடைய உழைப்பும் அந்தக் கணத்தோடு சரி. கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது மாடியே அதிரும். அதனால் அச்சகத்துக்காரர்கள் மதியம் சாப்பிட இயந்திரத்தை நிறுத்தும்போதுதான் கல் டயலுக்கு முள் வைப்பார்கள். என் தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் பதித்து, அதிர்வு முழுதாக அடங்கிவிட்டதா என்று பாதத்தால் பார்த்துக்கொண்ட பிறகே கருவியைத் தொடுவாள்.

"தைரியசாலிங்க ரெண்டு பேர வெச்சுப் பாத்தேன். ரெண்டு பேரும் கல்ல உடைச்சாங்க," என்றார் பட்டறை முதலாளியம்மா என்னிடம் ஒருமுறை. "உங்க தங்கச்சி பயப்படறா. எனக்கு அது போதும்."

ஒருநாள் கழுத்து அறுவை செய்யும் டாக்டர் ஒருவர், தனக்கொரு கடிகாரம் வேண்டும் என்று அங்கே வந்தார். கற்களையெல்லாம் பார்த்து, வரிப்பச்சையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். போகாமல் என் தங்கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உங்க கை நடுங்கவே இல்லையே!"

"உள்ள எல்லாம் நடுங்குது டாக்டர். கைக்கு மட்டும் இன்னும் சேதி போகல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நம்பித்தான், அவள் வீட்டுக்காரரின் கழுத்தில் கட்டி வந்தபோது நேராக அவரிடமே போனோம்.

என் தங்கையின் வீட்டுக்காரருக்கு மைக் என்று பெயர். வைத்த பெயர் வேறு. அதை இப்போது யாரும் சொல்வதில்லை. பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிப்பவர். வீட்டிலும் அதே தோரணைதான். "குளியலறையில் இருப்பவரின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் என் தங்கை பாதித் தலை ஈரத்தோடு வெளியே வந்துவிடுவாள். கட்டி வந்தபோதும், "தொண்டையில ஒரு பஸ் வந்து நிக்குதுக்கா. கிளம்பவே மாட்டேங்குது" என்றுதான் என்னிடம் சொன்னார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார். கட்டி கெட்டது இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துத்தான் ஆகவேண்டும். குரலுக்குப் போகும் நரம்பு அதை உரசிக்கொண்டே போகிறது. நூல் போல இருக்கும். அதில் கீறல் விழுந்தால் குரல் போய்விடும்.

குரல் போனால் மைக் இல்லை. வேலை ஒரு பக்கம் கிடக்கட்டும், அந்த வீட்டில் வேறென்ன சத்தம் இருக்கிறது? என் தங்கை வாய் திறப்பதே பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான்.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதே வாரத்தில்தான் டாக்டரின் கடிகாரத்துக்கு முள் வைக்கும் முறையும் வந்தது.

அன்று மதியம் அச்சு இயந்திரம் நின்றது. என் தங்கை தரையில் பாதத்தைப் பதித்துப் பார்த்தாள். விரலுறை மாட்டிக்கொண்டாள், வரிப்பச்சைக்கு வியர்வை ஆகாது, பட்ட இடத்தில் மெருகு மங்கிவிடும். மணி முள் இறங்கியது. நிமிட முள்ளை எடுத்து, அச்சுக்கு நேராகப் பிடித்து, அழுத்தத் தொடங்கினாள். கீழே இயந்திரம் உறுமியது. ஏதோ அவசர வேலையாம். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டார்கள்.

மேசை அதிர்ந்தது. முள் இறங்கிவிட்டது. கூடவே ஒரு சத்தம். சத்தம் என்று சொல்வதுகூடத் தவறு. நகம் வெட்டும்போது தெறிக்கிற துண்டு காகிதத்தில் விழுமே, அவ்வளவுதான்.

லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். நடுத்துளையிலிருந்து கீழ்நோக்கி, நான்கு மணி இருக்கவேண்டிய பக்கமாக, ஒரு கோடு. மற்ற வரிகளெல்லாம் வளைந்து ஓட, இது மட்டும் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. காலையில் இது இருந்ததா? அவளுக்கு நினைவில்லை. காலையில் அவள் பார்த்ததெல்லாம் கல்லை அல்ல, தன் வீட்டுக்காரரின் கழுத்தை.

விரிசலா, கல்லோடு பிறந்த ரேகையா என்று கண்டுபிடிக்கப் பட்டறையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கல்லை ஸ்பிரிட்டால் துடைப்பார்கள். சட்டென்று காயும். ரேகையாக இருந்தால் கல்லோடு சேர்ந்து அதுவும் காய்ந்துவிடும். விரிசலாக இருந்தால் ஈரம் உள்ளே தங்கி, மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கறுப்புக் கோடு மட்டும் நிற்கும். ஆனால் முள் வைத்த பிறகு துடைக்க முடியாது. ஸ்பிரிட் துளை வழியாக எந்திரத்துக்குள் இறங்கிவிடும். முள்ளைக் கழற்றலாம் என்றால், நெம்பித்தான் கழற்றவேண்டும். விரிசலாக இருந்தால் நெம்புகிற நெம்பில் கல் இரண்டாகிவிடும்.

முதலாளியம்மா வாங்கிப் பார்த்தார். "ரேகைடி. கல்லுன்னா ரேகை இல்லாம இருக்குமா? கண்ணாடியப் போட்டு மூடு."

மூடினாள். மறுநாள் டாக்டரே வந்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு இதோட ராசியிலதான் வரப்போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அந்த மனுஷன் கையில நான் ஒரு குண்டக் கட்டி அனுப்பிட்டேன்."

கதையைக் கேட்டேன். "இதுக்கா இந்த மூஞ்சி? விரிசல்னாதான் என்னடி ஆகும்?"

"நீளும்க்கா. ஒரு சில்லு பேந்து வரும். முள்ளுல போய்ச் சிக்கும். கடிகாரம் நிக்கும்."

"நிக்கட்டுமே. 'ஒரு சந்தேகம் டாக்டர், கழட்டிக் குடுங்க, பாத்துட்டுத் தரேன்'னு கேளு. நாக்கு தேஞ்சிடுமா?"

"கேட்டா அவர் மனசுல விழுந்துடும்ல?"

"என்ன விழும்?"

"'உடைஞ்சத என் தலையில கட்டினவ வீட்டுக்காரருக்கா நான் கத்தி எடுக்கணும்'னு ஒரு நொடி தோணும்ல? அந்த நொடியில அவர் கை எங்க இருக்கும்? இவர் தொண்டைக்குள்ள இருக்கும்."

"படிச்ச மனுஷன்டி அவரு. அப்படியெல்லாம் நினைக்கமாட்டாரு."

"கைக்கு ஏதுக்கா படிப்பு? கீழ ஒரு மெஷின் ஓடினதுக்கே என் கை போயிடுச்சே."

அவள் போன பிறகு, அணைத்த அடுப்பை நானும் ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். தொற்றிக்கொள்வதில் அவள் பயத்துக்கு முன்னால் ஜலதோஷமெல்லாம் ஒன்றுமே இல்லை.

அறுவைக்கு முன்தினம் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். எங்கே வெட்டுவார், எப்படி நரம்பைத் தேடுவார் என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். மைக் கவனமாகக் கேட்டார். என் தங்கையோ படத்தைப் பார்க்கவே இல்லை. பேனா பிடித்த கையின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா நகர, பச்சை நகர, அவள் கண்ணும் நகர்ந்தது.

டாக்டர் நிறுத்தினார். "எங்கயாவது போகணுமாம்மா? மணி பாத்துட்டே இருக்கீங்க."

"இல்ல டாக்டர். மணி பாக்கல."

"பின்ன?"

"சும்மா... ஓடுதான்னு பாத்தேன்."

"ஓடுது, ஓடுது," என்று சொல்லி அவர் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த இழுப்பு கொஞ்சம் அவசரமாக இருந்ததை நான் அப்போதே கவனித்தேன். பெரிய மனுஷர்களுக்கு மணிக்கட்டை வெறித்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

மைக் அப்போதுதான் கேட்டார். எப்போதும் கேலி இருக்கும் அந்தக் குரலில் அன்று கேலி இல்லை. "குரல் போயிட்டா, திரும்ப வராதா டாக்டர்?"

"போயிடக்கூடாதுன்னுதானே நான் இருக்கேன்," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் என் தங்கை என் கையைப் பிடித்தாள். ஐஸ் கட்டி. "நீண்டிருக்குக்கா. நேத்தவிட நீண்டிருக்கு. நான் பாத்தேன்."

மறுநாள் காலை மைக்கைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்குள் போகும் முன் அவர் தலையைத் திருப்பி, "பயணிகள் பொறுமை காக்கவும்" என்றார். அந்தக் குரலை நாங்கள் கேட்பது இதுதான் கடைசியோ என்ற நினைப்பு எனக்கும் வந்தது, அவளுக்கும் வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சற்றுப் பொறுத்து டாக்டர் அதே வழியாக வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். கடிகாரத்தைக் கழற்றி என் தங்கையிடம் நீட்டினார்.

"உள்ள கட்டிக்க முடியாதும்மா. உங்ககிட்டயே இருக்கட்டும். நல்லாப் பாத்து வெச்சுக்கங்க." ஏதோ இன்னும் சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் அதை வைத்து, உள்ளங்கையில் ஏந்தியபடி உட்கார்ந்தாள். எதிரே சுவர்க் கடிகாரம். பிளாஸ்டிக் நாற்காலிகள். மின்தூக்கியின் கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் பாதி எழுந்து உட்கார்ந்தோம். நொடி முள் இல்லாத கடிகாரத்தின் தொல்லை என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அது ஓடுகிறதா என்று சட்டெனத் தெரியாது. நிமிட முள் நகர்கிறதா என்று கண்ணைச் சிமிட்டாமல் காவல் காக்கவேண்டும்.

காவல் காத்தோம். சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. பச்சைக் கடிகாரம் நகரவில்லை.

"அக்கா. நின்னுடுச்சு."

"நிக்கல. மெதுவாப் போகுது."

"நின்னுடுச்சுக்கா!"

நான் அதை வாங்கிக் காதில் வைத்தேன். அந்தக் கூடத்து இரைச்சலில் என்ன கேட்கும்? லேசாக உதறினேன். "ஆட்டாதே!" என்று அவள் போட்ட கத்தலில் எதிர் நாற்காலிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பையில லென்ஸ் வெச்சிருக்கல்ல? எடுத்துப் பாத்துடு."

"மாட்டேன். பாத்தாத் தெரிஞ்சுடும்."

நானே லென்ஸை எடுத்துப் பார்த்தேன். என் கண்ணிமை முடிகள்தான் பெரிது பெரிதாகத் தெரிந்தன. "சாவியாவது குடுத்துப் பாரேன்" என்றேன்.

"சில்லு சிக்கியிருந்தா? திருகினா மொத்தமும் போயிடும்." அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "இப்பதான் நின்னுருக்கு. அவர் உள்ள இருக்கறப்ப நின்னுருக்கு."

"கடிகாரத்துக்கும் தொண்டைக்கும் என்னடி சம்பந்தம்? பைத்தியமே!"

திட்டிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பயத்தினால் அல்ல. அங்கே குளிர்சாதனம் அதிகம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. கதவு திறந்து டாக்டர் வந்தார். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. நாங்கள் எழுந்தோம், எழுந்தோம் என்பதைவிட, நாற்காலி எங்களைத் தள்ளிவிட்டது.

"கட்டிய எடுத்தாச்சு. நரம்பு நல்லாதான் இருக்கு, நான் பாத்த வரைக்கும். ஆனா முழிச்சுப் பேசட்டும். அப்பதான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

சொல்லி முடித்தவர் போகவில்லை. அங்கேயே நின்று கையைப் பிசைந்தார்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும்" என்றாள் என் தங்கை.

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றார் அவர்.

அவள் முகம் சாம்பலாகிவிட்டது. ஒரு டாக்டர் வந்து இப்படித் தயங்கி நின்றால் வேறென்ன நினைப்பது?

"இவருக்கு... என்ன டாக்டர்?"

"ஐயோ, அவருக்கு இல்லம்மா. கடிகாரம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாங்கின அன்னைக்கே கார் கதவுல இடிச்சுட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாத்தா, நடுவுலேருந்து ஒரு கோடு. அப்பவே வந்து சொல்லியிருக்கணும். நீங்க பயந்த சுபாவம். ஆபரேஷன் முடியறதுக்கு முன்னாடி உங்க மனச எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். காலையில மனசு கேக்காமதான் குடுத்தேன், நீங்களே பாத்துட்டு நாலு வார்த்தை திட்டிடட்டும்னு."

என் தங்கை அவரையே பார்த்தாள். "நின்னுடுச்சு டாக்டர்."

"நிக்கும்மா. முந்தாநாள் சாவி குடுத்ததோட சரி. திருகினா கோடு இன்னும் நீண்டுடுமோன்னு பயமா இருந்துது."

அதற்கப்புறம் நடந்ததை யாராவது படம் பிடித்திருக்கவேண்டும். "அது நீங்க இடிச்சதுல வந்தது இல்ல, என் கையில வந்தது" என்று அவள். "இல்லம்மா, நான் நல்லாவே இடிச்சேன்" என்று அவர். ஒரே ஒரு கோட்டுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி நான் அன்றுதான் பார்த்தேன். நர்ஸ் வந்து, "கண் முழிச்சுட்டாரு" என்று சொல்லாவிட்டால் சண்டை இன்னும் நீண்டிருக்கும்.

உள்ளே ஓடினோம். மைக்கின் கழுத்தில் கட்டு. கண் பாதி திறந்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என் தங்கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. டாக்டர் குனிந்து, "மெதுவா. இன்னொரு தடவ" என்றார். அவர் நெற்றியில் வியர்வை.

மூன்றாவது முறை, சரளைக்கல்லை இழுத்துப் போட்டது போல ஒரு குரல் வந்தது. "மணி என்ன?"

என் தங்கை பழக்கதோஷத்தில் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். வெளியே எட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

"எக்ஸ்பிரஸ் போயிருக்குமே" என்றார் மைக். கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது அவர் மறுபடியும் பேருந்து நிலையத்தில் இருக்கிறார். குரல் முன்பைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி ஒலிக்கிறது. தூரத்து ஊர்களின் பெயரை நீட்டி முழக்கும் இடத்தில் மட்டும் லேசாகப் பிசிறு தட்டும். பயணிகள் யாரும் வண்டியைத் தவறவிடவில்லை.

கடிகாரம் பட்டறைக்குத் திரும்பியது. கீழே இயந்திரம் நின்ற நேரத்தில் என் தங்கை முள்களைக் கழற்றி, எந்திரத்திலிருந்து டயலைப் பிரித்து எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்தாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கல் முழுவதும் நனைந்து கருத்தது. ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. கோடும் கூடவே காய்ந்து மறைந்தது. அது கல்லோடு பிறந்த ரேகை. யார் கையும் எதையும் உடைக்கவில்லை.

இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை மூடினேன். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மூடவிடவில்லை.

"நீ எங்கக்கா பக்கத்துல நின்ன? கீழ அச்சகத்துக்காரரப் பிடிச்சு, 'இன்னொரு தடவ சுவிட்சத் தட்டினா பாரு'ன்னு சண்டை போட்டுட்டு இருந்த. கோடு காயல. மத்ததெல்லாம் காஞ்சப்புறமும் கறுப்பாவே நின்னுது. விரிசல்தான். முள்ளக் கழட்டறப்ப இன்னும் கொஞ்சம் நீண்டுது. மேல பரவாம பசை விட்டு நிறுத்தி வெச்சிருக்கேன். வேற கல்லு மாத்தித் தரேன்னேன், டாக்டர் வேணாம்னுட்டாரு. கோடு நீண்டிருக்கான்னு பாக்கச் சொல்லி ஒவ்வொரு தடவையும் அவர் அதக் கொண்டுவந்து எங்கிட்ட நீட்டறப்ப எனக்கு இன்னும் கை வேர்க்குது. அத எழுது."